கத்திரி வெயிற்காலத்தில் தோட்டக்கால்களிற் செய்யவேண்டிய வேலைகள்

சித்திரைத் திங்கள் 21-ந் தேதியளவில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரையில், அதாவது மே மாதம் 4-ந் தேதியை ஒட்டித் தொடங்கி 28-ந் தேதியை ஒட்டி முடியும் அக்கினி நட்சத்திர நாட்களை நம் நாட்டார் கத்திரி என்று வழங்குவர். நன்செயில் அறுவடை முடிந்து, புன்செய் தரிசாய்க் கிடக்கும் இந்நாட்களில் குடியானவருக்கு வேலை குறைவு என்று எண்ணப்படுவது வழக்கம். தானியப் பயிரை மாத்திரம் நம்பியிருப்பவர்களைப் பொறுத்தமட்டில் இது ஓரளவு சரியே. ஆனால் கிணற்றை நம்பித் தென்னையும் மாவும் எலுமிச்சையும் காய்கறியும் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டிலேயே மிகுந்த கவலைக்கிடமான மாதம் இதுதான். மூன்று ஆண்டுகள் வளர்த்த கன்று பதினைந்து நாள் கவனக்குறைவினாற் பட்டுப்போவதற்கு வேறு எம்மாதத்திலும் இவ்வளவு ஏது இல்லை.

இங்கே கூறப்படுபவை பெரும்பாலும் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம், திண்டுக்கல், மதுரை முதலிய உள்நாட்டு ஜில்லாக்களின் கிணற்றுப் பாசனத் தோட்டங்களுக்குப் பொருந்துவன. மலைநாட்டிற்கும், ஆற்றுப் பாசனம் தடையின்றிக் கிடைக்கும் இடங்களுக்கும் இவற்றுட் சில வேண்டாதவையாயிருக்கலாம்.

இம்மாதத்து வேலைகளுள் முதன்மையானது, இருக்கிற தண்ணீரை எவற்றிற்குக் கொடுப்பது, எவற்றைக் கைவிடுவது என்று மாதத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக் கொள்வதாகும். அநேகர் இத்தீர்மானத்தைக் கிணறு வற்றிய பின்னரே செய்கின்றனர். அப்பொழுது தீர்மானிப்பது கிணறேயன்றிக் குடியானவரல்லர்.

கிணற்றை அளந்தறிதல்

கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறதென்பதைவிட, ஓர் இரவில் எவ்வளவு ஊறுகிறதென்பதே இம்மாதத்தில் அறியத்தக்கது. இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. அடிக்கு ஒரு முடிச்சாக முடிச்சிட்ட கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, மாலையில் இறைப்பு நிறுத்தியவுடன் நீர்மட்டத்தையும், மறுநாள் விடியலில் இறைப்புத் தொடங்குமுன் நீர்மட்டத்தையும் பார்த்து ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவரவேண்டும். வாரம் இருமுறை எழுதினாற் போதும். இருபது அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 8,900 லிட்டராகும். இருபதடிச் சதுரக் கிணறாயின் ஓரடிக்கு ஏறக்குறைய 11,300 லிட்டர் கொள்ளும்.

இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம். காய்க்கும் தென்னையொன்றிற்கு மாசி முதல் வைகாசி வரையிலான கோடையிற் சொட்டுநீர் முறையில் நாளொன்றுக்கு 65 லிட்டர் வேண்டுமென்றும், தண்ணீர்த் தட்டு மிகக் கடுமையாயிருக்கும் காலத்தில் 22 லிட்டரைக் கொண்டாவது மரத்தைக் காக்கலாமென்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் மேற்கு ஜில்லாக்களுக்குக் கணக்கு வகுத்திருக்கின்றனர். இருபத்தைந்தடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரம் நிற்கும். ஆகவே ஏக்கர் ஒன்றுக்கு நாள்தோறும் முழு அளவாயின் 4,550 லிட்டரும், உயிர்காக்கும் அளவாயின் 1,540 லிட்டரும் தேவை.

மூன்று ஏக்கர் தென்னையும், அதனருகே அரை ஏக்கர் காய்கறியும் உடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். சித்திரை நடுவில் அவருடைய இருபதடி வட்டக் கிணறு இரவில் இரண்டடி ஊறுகிறதென்றால் 17,800 லிட்டர் கிடைக்கும். தென்னைக்கு 13,650 லிட்டர் போக மிச்சமும் உண்டு. வெண்டைக்கும் கத்தரிக்கும் அதைப் பாய்ச்சிக்கொண்டு அவர் நிம்மதியாயிருப்பார். வைகாசி தொடங்குமுன் ஊற்று அரையடியாகக் குறையுமாயின் கிடைப்பது 4,450 லிட்டரே. மரத்திற்கு 22 லிட்டர் வீதம் கொடுப்பதற்கே அது சற்றுப் போதாது. காய்கறிக்கு ஒரு துளியும் மிஞ்சாது. இக்கணக்கைச் சித்திரையிலேயே போட்டுப் பார்ப்பவர், ஊற்று ஓரடிக்கு இறங்கிய அன்றே காய்கறிப் பாத்திகளை விட்டுவிட்டு அத்தண்ணீரை மரங்களின் அடியிற் சேமித்துவைக்கலாம். போடாதவர் இரண்டையும் காப்பாற்ற முயன்று இரண்டையும் இழப்பார்.

எருது பூட்டிக் கவலையிறைத்த காலத்தில் ஒவ்வொரு சால் தண்ணீரின் விலையும் மாட்டின் மூச்சில் தெரிந்தது. இப்போது பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. கிணற்றின் அடி தெரியும் வரையில் அதன் குறை ஒருவருக்கும் தெரிவதில்லை. முடிச்சுக் கயிறு அக்குறையைத் தீர்க்கும்.

எவற்றிற்கு முன்னுரிமை

நட்டு மூன்றாண்டு நிரம்பாத கன்றுகளுக்கே முதல் நீர் கொடுக்கவேண்டும். அவற்றின் வேர் மேல்மண்ணைத் தாண்டி இறங்கியிராது. மேலும் ஒரு கன்றுக்கு வேண்டிய தண்ணீர் மிகச் சொற்பமாதலால், அதைக் காப்பது மலிவாகும். அடுத்தபடியாகக் காய்க்கும் தென்னை. தென்னையிற் கோடை வறட்சியின் கேடு அவ்வாண்டோடு ஒழிவதன்று. பாளைகள் வெளிப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே குருத்தினுள் உருவாகி வளர்வதனால், ஒரு கோடையின் நீர்க்குறை அதன்பின் இரண்டாண்டுகளுக்கு மேலும் காய்க்குறைவாகத் தொடரும். 2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் 62 சதவீதம் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டு ஜில்லாக்கள் யாவும் வறட்சி பாதித்தவையென்று அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டுக் கோடையிற் கொங்குநாட்டுத் தோப்புக்களில் முற்றிய தென்னைகள் பெருந்தொகையாய்ப் பட்டுப்போயின. பிழைத்த மரங்களும் உடனே பழைய காய்ப்புக்குத் திரும்பவில்லை.

மூன்றாவதாக விதைக்கென்று விடப்பட்ட சுரை, பீர்க்கு, பூசணி, அவரை முதலிய சில செடிகள். நாலைந்து செடிகளுக்குக் குடத்தால் ஊற்றினாலும் தகும். மா, புளி, நாவல் முதலிய முதிர்ந்த மரங்களின் வேர் ஆழத்திற் சென்றிருப்பதால் அவை பெரும்பாலும் தாமே தாங்கிக்கொள்ளும்.

விற்பனைக் காய்கறி கடைசி இடமே பெறத்தக்கது. இது சிலருக்குக் கசப்பாயிருக்கும். கோடையிற் காய்கறி விலை ஏறியிருப்பது உண்மையே. ஆனால் கடும் வெயிலில் தக்காளிப் பூக்கள் காய்பிடியாமல் உதிர்வதையும், கத்தரி காம்புவாடுவதையும் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். போன வெண்டையை மூன்று மாதத்தில் மீட்கலாம். போன தென்னையின் இடத்தில் மீண்டும் காய் பறிக்க ஐந்தாறு ஆண்டு காத்திருக்கவேண்டும். தண்ணீர் தாராளமாயுள்ளவர்கள் வெண்டை, கொத்தவரை, கீரை ஆகியவற்றைத் தொடர்ந்து பயிரிடுவதில் தடையில்லை.

நீர் பாய்ச்சும் முறை

உள்நாட்டு ஜில்லாக்களிற் கத்திரி நாளொன்றில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான நீர் ஆவியாகப் போகிறது. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆறடி ஆரமுள்ள தென்னை வட்டப்பாத்தியின் பரப்பு ஏறக்குறைய பத்தரைச் சதுர மீட்டர். அதை முழுதும் நனைத்துத் திறந்துவிட்டால், மேல்மண் ஈரமாயிருக்கும் முதல் ஓரிரு நாட்களில் நாளொன்றுக்கு அறுபது எழுபது லிட்டர் வெயிலுக்கே போய்விடக்கூடும். அதாவது மரத்தின் பங்கைப்போல் இன்னொரு பங்கு. மேல்மண் காய்ந்தபின் இந்நட்டம் வெகுவாகக் குறையும். இதிலிருந்து தெளிவாவது என்னவெனில், பரவலாகவும் அடிக்கடியும் மேலாக நனைப்பதைக் காட்டிலும், குறுகிய இடத்தை ஆழமாக நனைத்துச் சற்று இடைவெளிவிட்டுப் பாய்ச்சுவதே சிக்கனமென்பதாம்.

பாய்ச்சுவதற்கு உகந்த நேரம் மாலையும் இரவும். பகலில் திறந்த மண்வாய்க்காலில் நீரை ஓடவிடலாகாது. செம்மண் நிலத்தில் நூறடி வாய்க்காலுக்குள் மடைநீர் எவ்வளவு மெலிந்துபோகிறதென்பதைக் கண்ணாலேயே காணலாம். சொட்டுநீர்க் குழாய் இட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயிலிற் கிடக்கும் கறுப்புக் குழாய்களுக்குள் தங்கியுள்ள நீர் நண்பகலிற் கைவைக்கக் கூடாதபடி சுட்டிருக்கும். அந்நேரத்தில் மடை திறந்தால் முதலில் இறங்கும் வெந்நீர் இளங்கன்றின் வேரைத் தாக்கும். விடியற்காலையில் எட்டு மணிக்கு முன் பாசனத்தை முடித்துவிடுவது நலம். குழாய்களை மூடாக்கின் கீழ்ப் பதித்துவிடுவது அதனினும் நலம்.

குழாயோ வாய்க்காலோ எட்டாத மேட்டிலுள்ள கன்றுகளுக்குப் பானைமுறை சிறந்தது. மெருகிடாத சாதாரண மண்பானை ஒன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயைச் சிரட்டையாலோ ஓட்டாலோ மூடிவிடவேண்டும். பானையின் பக்கங்களிலிருந்து கசியும் நீரை வேர் நாடிக்கொள்ளும். மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை நிரப்பினாற் போதுமானது. வண்டியில் தண்ணீர் கொணர்ந்து ஊற்ற நேர்பவர்களுக்கு இதைவிடச் செட்டான வழி வேறில்லை.

மூடாக்கு

பாய்ச்சிய நீரைக் காப்பதில் மூடாக்கிற்கு நிகரானது யாதுமில்லை. காய்ந்த தென்னோலை, கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், உதிர்ந்த இலைச்சருகு, தென்னை நார்க்கழிவு ஆகிய எதுவும் உதவும். தென்னைக்கு அதன் உரிமட்டையே மேலானது. ஆறடி ஆர வட்டப்பாத்தியில் மரத்திற்கு நூறு மட்டை வீதம், குவிந்த முதுகு மேல்நோக்கும்படி கவிழ்த்து அடுக்கவேண்டும். மண்ணுக்குள் புதைப்பதாயின் முறை நேர்மாறானது. வரிசைகளுக்கிடையே நீளமாக வெட்டிய குழியில், உட்குழிந்த புறம் மேல்நோக்கும்படி மல்லாத்தி அடுக்கி மண்ணிட்டு மூடவேண்டும். மேலே கிடக்கும் மட்டை குடைபோல் நிழல் தரவேண்டும். கீழே கிடக்கும் மட்டை கிண்ணம்போல் நீரை ஏந்தவேண்டும். வேலையாட்களுக்கு இக்காரணத்தைச் சொல்லிவிட்டால் தவறு நேராது. புதைக்கும் வேலையை ஒரு நல்ல மழைக்கு முன்னே முடிப்பது பயன்தரும். காய்ந்த மட்டை ஊறுவதற்குப் பெருநீர் வேண்டுமாதலால் வற்றும் கிணற்றை நம்பி அதனை இப்போது செய்யவேண்டியதில்லை.

மூடாக்கினால் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று கறையான். சருகைக் கன்றின் அடித்தண்டோடு ஒட்டக் குவித்தால் கறையான் அதன் வழியே பட்டைக்கு ஏறும். தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலம் வெறுமையாக விட்டு, வேப்பம் பிண்ணாக்குத் தூள் சிறிது இட்டுக் கிளறிவிடுக. மற்றொன்று நெருப்பு. சருகு பரப்பிய தோப்பில் பீடித் துண்டொன்று விழுந்தால் ஒரு நாழிகையில் நாலைந்து ஆண்டு உழைப்பு சாம்பலாகும். பாதையோரத்திலும் வேலியோரத்திலும் பத்தடி அகலத்திற்குச் சருகை அகற்றி மண் தெரிய விடுவது அவசியம். வேலியோரப் புல்லைக் கொளுத்திச் சுத்தம் செய்யும் வழக்கத்தை இம்மாதத்தில் அறவே நிறுத்தவேண்டும்.

மூடாக்கிற்கு ஒன்றும் கிடையாதவிடத்து, பாய்ச்சிய மறுநாள் அல்லது மூன்றாம் நாள் களைக்கொட்டினால் மேல்மண்ணை இரண்டங்குலம் லேசாகக் கொத்திப் புழுதியாக்கிவிடலாம். வெடிக்கும் கரிசலில் இது முக்கியமாகப் பயன்படும்.

கன்றுகளுக்கு நிழல்

கன்றுகளுக்குப் பனையோலையோ தென்னங்கீற்றோ கட்டி நிழல் செய்யும் வழக்கம் எங்கும் உள்ளதே. ஆயினும் எப்பக்கம் கட்டவேண்டுமென்பதில் அநேகர் சிந்திப்பதில்லை. தென்பக்கத்தில் கட்டும் பழக்கம் தை மாசிக்கு ஏற்றது. சூரியன் வடக்குநோக்கிச் செல்லும் வழியில், பங்குனிக் கடைசியில் கன்னியாகுமரிக்கும், சித்திரை முதல் பாதிக்குள் மதுரை, கோயமுத்தூர், சென்னை ஆகிய இடங்களுக்கும் நேர் உச்சியில் வந்து, அப்பால் வடக்கே சாய்ந்துவிடுகிறது. ஆகவே கத்திரி நாட்களில் நண்பகற் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மாலைச் சூரியன் மேற்குக்கு வடக்கே ஒதுங்கி இறங்கும். நிலமும் காற்றும் மிகச் சுட்டிருக்கும் பிற்பகலின் வெயில் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்துமே கன்றின்மேல் விழுகிறது. கீற்றைத் தென்பக்கத்திற் கட்டியவர் கன்றுக்கு இம்மாதத்தில் ஒரு நன்மையும் செய்தவராகார். மேற்கிலும் வடமேற்கிலும் கீற்றை ஊன்றி, மேற்புறம் கன்றின்மேல் சற்றுச் சாய்த்துக் கட்டுக. கிழக்குப் பக்கம் காலை வெளிச்சத்திற்காகத் திறந்திருக்கட்டும். சந்தேகமுள்ளவர்கள் ஒரு குச்சியை நட்டுப் பகல் பன்னிரண்டரை மணியளவில் அதன் நிழல் எப்பக்கம் விழுகிறதென்று பார்த்துக்கொள்ளலாம்.

மா, எலுமிச்சைக் கன்றுகளின் இளந்தண்டில் நீர்த்த சுண்ணாம்பைப் பூசிவைப்பது பட்டை வெடிக்காமற் காக்கும். வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பலத்த காற்று தொடங்கும் பக்கங்களில் கன்றுகளுக்கு முளையடித்து, உராயாதபடி வாழைநாரினால் தளர்வாகக் கட்டிவிடவேண்டும். குலைதள்ளிய வாழைக்கும் முட்டுக்கொடுப்பதை இப்போதே செய்துவிடுக.

குழியெடுத்தலும் நாற்றங்கால் தயாரித்தலும்

வெயில் கெடுதி செய்வதோடு வேலையும் செய்யும். அவ்வேலையை வாங்கிக்கொள்வது குடியானவரின் சாமர்த்தியம். பருவமழையில் நடக்கருதும் மரங்களுக்குக் குழியை இப்பொழுதே வெட்டி ஆறவிடவேண்டும். தென்னைக்கும் மாவுக்கும் மூன்றடி நீள அகல ஆழமும், எலுமிச்சைக்கு இரண்டரையடியும் போதும். மேலோரடி மண்ணை ஒருபுறமும் அடிமண்ணை மறுபுறமும் குவித்துவைத்து, மூடும்போது மேல்மண்ணைத் தொழுவுரத்தோடு கலந்து முதலில் இடுக. கடினத் தரையில் வெட்டுவதற்கு முன்தினம் குழியிடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவைத்தால் கடப்பாரைக்கு மண் இளகும்.

ஆடிப்பட்டத்தில் நடும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றங்காலில் விதைப்பது ஆனித் தொடக்கமளவில் நேரும். அதற்குரிய மேட்டுப்பாத்தியைக் கத்திரி தொடங்குமுன்னரே கொத்திச் சமனாக்கி, கட்டி நீக்கி, நன்றாக ஒருமுறை நீர் விட்டு, அதன்மேல் வெளிச்சம் ஊடுருவும் நிறமற்ற மெல்லிய பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணிட்டு அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும். தாளினடியில் மண் மிகச் சூடேறி, நாற்றழுகல் விளைக்கும் பூஞ்சணங்களும், நூற்புழுக்களும், களைவிதைகளும் பெரும்பாலும் மாளும். கறுப்புத் தாள் இதற்கு ஆகாது. அது வெயிலைத் தானே உறிஞ்சிக்கொண்டு மண்ணுக்குக் குறைவாகவே கொடுக்கும். ஈரமில்லாத மண்ணிலும் பயனில்லை, ஏனெனிற் சூட்டை உள்ளே கொண்டுசெல்வது ஈரமே. ஒரு சென்ட் நாற்றங்காலுக்கு ஒருமுறை விடும் நீர் எந்தக் கிணற்றுக்கும் பாரமாகாது. தாளை எடுத்தபின் பாத்தியை ஆழக் கொத்தலாகாது. அடியிலுள்ள களைவிதைகள் மேலே வந்துவிடும். விதைக்கும்போது கிலோ ஒன்றுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால், சுத்தமான மண்ணில் நன்மை செய்யும் பூஞ்சணம் முதலில் இடம்பிடித்துக்கொள்ளும்.

வெறுமையாய்க் கிடக்கும் தோட்டப் பகுதிகளைக் கோடைமழை ஒன்று கிடைத்தவுடன் சரிவுக்குக் குறுக்கே உழுதுவிடுக. கோரைக்கிழங்கு புரண்டு வெயிலிற் காயும். மண்ணுள் உறங்கும் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டுப் பறவைகளுக்கு இரையாகும். மண் பரிசோதனைக்கு மண்ணெடுக்கவும் இதுவே தக்க சமயம். ஆறங்குல ஆழம் வரை பல இடங்களில் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோ அனுப்பினாற் போதும்; எருக்குவியலருகிலும் மரநிழலிலும் எடுக்கவேண்டாம்.

எருக்குழியும் ஏரிவண்டலும்

வண்டிப் பாதைகள் காய்ந்திருக்கும் இம்மாதத்தில் எருக்குழியைக் காலிசெய்து எருவை நிலத்திற்குக் கொண்டுசேர்ப்பது பழைய வழக்கம். தென்னை உள்ள கிராமங்களில் இதைக் கண்ணுங் கருத்துமாய்ச் செய்யவேண்டும். தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுவது எருக்குழியிலும், மக்கிய தென்னங்கட்டையிலுமே. எருவை வாரும்போது வெளிப்படும், வெண்ணிறமாய்ச் சுருண்டு கிடக்கும் தடித்த புழுக்களைப் பொறுக்கி அழிக்கவேண்டும். கோழிகளை அவிழ்த்துவிட்டால் பாதி வேலையை அவை முடித்துவிடும். மரத்தில் உச்சியிலுள்ள மூன்று உள்மட்டைகளின் இடுக்கில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்குமாய்க் கலந்து மரமொன்றுக்கு 150 கிராம் இட்டுவைப்பது வண்டை விலக்கும்.

ஒருவர் தம் குழியைக் கவனியாது விட்டால் அதிற் பெருகும் வண்டு ஊர் முழுவதன் தென்னையையும் தாக்குமாதலால், இது தனிப்பட்டவர் காரியம் மாத்திரமன்று. பயிர்ப் பூச்சிகளையும் நோய்களையும் அடக்குவதற்கென்று 1919-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது இக்கருத்தைப் பற்றியே. சட்டத்தை எடுத்துக்காட்டுவதைவிட, கிராம உத்தியோகஸ்தர்கள் ஒரு நாளைக் குறித்து ஊரார் எல்லோரும் ஒரே வாரத்தில் குழிகளைக் கிளறும்படி ஏற்பாடு செய்வார்களாயின் பலன் அதிகமிருக்கும். பட்டுப்போன தென்னையின் அடிக்கட்டையைத் தோப்பிலேயே மக்கவிடாமல் பிளந்து விறகாக்குவதும் அவ்வேற்பாட்டில் அடங்கவேண்டும்.

ஏரிகுளங்கள் வற்றியிருக்கும் இச்சமயத்தில் வண்டல் எடுப்பது மணற்பாங்கான செம்மண் தோட்டங்களுக்குப் பெரிய உதவி. வண்டல் கலந்த மண் ஒவ்வொரு பாய்ச்சல் நீரையும் அதிக நாள் பிடித்துவைக்கும். கரிசல் நிலத்திற்கு இது வேண்டியதில்லை. விவசாய உபயோகத்திற்காகக் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ள 2024-ஆம் ஆண்டு முதல் தாசில்தாரிடமே அனுமதி பெறலாம். அனுமதியின்றி எடுக்கலாகாது, கரையை ஒட்டியும் மதகை ஒட்டியும் தோண்டலாகாது. எடுக்குமுன் ஏரிப்படுகையில் வெள்ளைப் பூப்பு தெரிகிறதாவென்று பார்க்கவேண்டும். உப்புப் பூத்த வண்டலை நிலத்தில் கொட்டியபின் எடுத்தெறிய முடியாது. இதிற் கிராம நிர்வாக அதிகாரிகள் காலதாமதமின்றி உதவுவார்களாயின், முதல் மழைக்கு முன் வேலை முடியும். மழை விழுந்த மறுநாள் வண்டி இறங்காது.

பூச்சிகளைப் பற்றிச் சில

வெயிலும் வறட்சியும் சில பூச்சிகளுக்குப் பருவகாலம். வெண்டை, கத்தரி இலைகளின் அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே வெளிறிய புள்ளிகளும் தென்பட்டால் அது சிலந்திப்பேன். இலையடியில் நீரைப் பீய்ச்சி, மிகுதியாய்ப் பற்றிய இலைகளைக் கிள்ளி அழிப்பது முதற் சிகிச்சை. தென்னையில் 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பக்கத்தில் முதன்முதல் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது பல ஜில்லாக்களிலும் பரவியிருக்கிறது. ஓலையினடியிற் சுருள் சுருளாய் வெள்ளை மெழுகு படிவதும், கீழ் ஓலைகள் கரிபிடித்தாற்போல் கறுப்பதும் இதன் அடையாளம். கோடையில் இது பெருகும். கறுப்பைக் கண்டு அஞ்சிக் கடும் விஷ மருந்துகளைத் தெளிப்போர் உளர். அது கூடாது. இவ்வீயைத் துளைத்து அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்ணிய குளவி நம் தோப்புக்களிலேயே இருக்கிறது. விஷம் முதலில் கொல்வது அதனையே. மஞ்சள் நிற ஒட்டும் பொறிகளைத் தொங்கவிடுவதும், வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி ஓலையடியைக் கழுவுவதும் போதுமானவை.

குளவியை நம்பச் சொல்வது வெறும் பேச்சென்று கருதுவோர் பப்பாளியின் கதையை நினைவுகூரலாம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இற் கோயமுத்தூரிற் காணப்பட்டு, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் அழித்துவந்தது. எவ்வளவு மருந்தடித்தும் அடங்காத அப்பூச்சி, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோபேகஸ் என்னும் சிறு குளவியை விட்டபின் ஓரிரு ஆண்டுகளில் அடங்கிற்று.

மாம்பழம் பறிக்கும் தோட்டங்களில் உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி இரண்டடி ஆழத்திற் புதைக்காவிடின் பழ ஈ பெருகும். காயைச் சிறிது காம்போடு வலைகட்டிய தொரட்டியாற் பறித்து, பால் வடியுமாறு கவிழ்த்துவைக்க வேண்டும். கார்பைட் கல் வைத்துப் பழுக்கச் செய்வது சட்டத்தால் தடுக்கப்பட்டது. வாங்கும் வியாபாரி அவ்வாறு செய்வதறிந்தும் காய் கொடுப்பது நம் தோட்டத்தின் பெயருக்கே கேடு. காய்ப்பு ஓய்ந்த செடிமுருங்கையைத் தரையிலிருந்து மூன்றடி விட்டுக் கவாத்துச் செய்து எருவிடுக. விதைகளை நண்பகல் வெயிலிற் சிமெண்டுத் தளத்தில் காயப்போடலாகாது. காலை இளவெயில் இரண்டு மணி நேரமும், பிறகு நிழலுமே தக்கவை.

முதற் கோடைமழை

வைகாசியில் ஒரு நல்ல மழை பெய்தவுடன் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு வாரம் வாளாவிருப்பது பலருடைய வழக்கம். மழை அளவு தெரியாமல் அவ்விதம் இருக்கவேண்டாம். தோப்பில் ஒரு மரத்தடியில் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்து, ஈரம் ஒரு முழத்திற்குக் கீழிறங்கியிருந்தால் மட்டுமே அடுத்த பாய்ச்சலைத் தள்ளிப்போடலாம். நாலங்குல ஈரம் இரண்டு நாள் வெயிலுக்குப் போதாது. நிலக்கடலை விளையும் ஊர்களில், மழைக்குப் பிந்திய சில இரவுகளில் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சிகள் திரளாக வெளிவரும். அவ்விரவுகளில் வயலோரத்தில் விளக்குப்பொறி வைத்து அவற்றை அழிப்பது பின்னர் வரும் புழுக்கூட்டத்தைக் குறைக்கும். கன்றுகளின் மேற்குப்புறக் கீற்றை முதல் மழையோடு அவிழ்த்துவிடாமல், ஆனி பிறந்து வானம் மேகமூட்டம் கொள்ளும் வரையில் விட்டுவைத்து, பின்னர் ஒரே நாளில் முழுதும் நீக்காது, ஒரு வாரத்திற் சிறிது சிறிதாக விலக்குக.